அயலும் அண்மையும்: வேற்றுலக உயிரைக் கற்பனை செய்யும் தமிழ்க் கலை

1. கேள்வியும் எல்லையும்

பூமிக்கு வெளியே அறிவுள்ள உயிர் இருக்கிறது என்பதற்கு அறிவியலிடம் இன்றுவரை சான்று இல்லை என்பதால், அத்தகைய உயிருடனான சந்திப்பைப் பற்றி மனிதர் மனத்தில் பதிந்துள்ள படங்கள் அனைத்தும் கலை வரைந்து கொடுத்தவையே. ஒரு சமூகம் வேற்றுலகவாசிக்கு எத்தகைய உடலைத் தருகிறது, என்ன மொழியைப் பேசவைக்கிறது, எதைத் தேடி வந்ததாகச் சொல்கிறது என்பவற்றைக் கூர்ந்து பார்த்தால், அச்சமூகம் யாரை அந்நியராகக் கருதுகிறது, எதிர்காலத்தில் எதை இழக்க அஞ்சுகிறது என்பவையும் தெரியவரும். தமிழ்த் திரைப்படம், சென்னையின் நவீன ஓவியம், தெற்காசியாவிலும் புலம்பெயர்ந்தோரிடையேயும் உருவான சமகாலக் காணொளிக் கலை ஆகிய மூன்று தளங்களில் இச்சந்திப்பு எவ்வாறு கற்பனை செய்யப்பட்டிருக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆய்வுக்கு வழிகாட்டும் சொல்லைத் தமிழே தருகிறது. 'அயல்' என்ற சொல் பக்கத்தில் இருப்பதையும் குறிக்கும், தனக்கு உரியதல்லாததையும் குறிக்கும். அயல்வீடு சுவரை ஒட்டி நிற்பது, அயல்நாடு எல்லைக்கு அப்பால் கிடப்பது. இந்த இருபொருளில் ஒன்றை மட்டும் பற்றிக்கொள்ளும் கலை வேற்றுலகவாசியை உடனடியாக உறவினராக்கிவிடுகிறது அல்லது பகைவராக்கிவிடுகிறது. இரண்டையும் சேர்த்துத் தாங்கும் கலையே சந்திப்பின் கடினத்தை உணர்த்துகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. இதுவரையான புரிதல்

அறிவியல் புனைவைப் பற்றிய கோட்பாடுகளில் செல்வாக்கு மிக்கது, 1970களில் டார்க்கோ சுவின் முன்வைத்த 'அறிவுவழி அந்நியப்படுத்தல்' என்பதாகும். வாசகருக்குப் பழகிய உலகைத் தர்க்கத்துக்கு உட்பட்ட ஒரு புதுமையின் வழியாக அந்நியமாக்கிக் காட்டி, நடப்பு உலகம் மாற்ற முடியாததன்று என்று உணரவைப்பதே இவ்வகைப் புனைவின் பணி என்பது அதன் சாரம். இதற்கு இணையாக நிற்பது போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்லாவ் லெம்மின் நிலைப்பாடு. 1961இல் வெளியான அவருடைய 'சோலாரிஸ்' நாவலில் ஒரு கோளை மூடியிருக்கும் பெருங்கடலே உயிராக இருக்கிறது. தலைமுறைகளாக ஆராய்ந்தும் மனிதரால் அதைப் புரிந்துகொள்ள முடிவதில்லை. பிரெட்ரிக் ஜேம்சன் இதை அறியவொண்ணாமை பற்றிய கருதுகோளாக விரித்து, முற்றிலும் வேறான ஒன்றைக் கற்பனை செய்ய முயன்று தோற்பதே நம் கற்பனையின் எல்லையை நமக்குக் காட்டுகிறது என்கிறார்.

இக்கோட்பாடுகள் இரண்டும் வானம் வெறுமையானது என்ற நவீன ஐரோப்பிய அனுபவத்திலிருந்து புறப்படுபவை. கோள்களுக்குப் பெயரும் முகமும் கோயிலும் ஏற்கெனவே உள்ள ஒரு பண்பாட்டில் வேற்றுலகவாசி எந்த இடத்தில் வந்து நிற்பார் என்பதை அவை விளக்குவதில்லை. மறுபுறம், தமிழ்ச் சூழலில் இப்பொருள் பேசப்படும்போதெல்லாம் கணியன் பூங்குன்றனாரின் 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்ற புறநானூற்றுப் பாடல் துணைக்கு அழைக்கப்படுவது வழக்கம். அப்பாடலின் பரந்த நோக்கு உண்மையானது. ஆயினும் உறவை அறிவித்துவிடுவதால் மட்டும் புரிதல் நேர்ந்துவிடாது என்பதால், பெருமைக்குரிய அந்த மேற்கோளை விளக்கமாக ஏற்காமல் கலைப்படைப்புகளையே சான்றாகக் கொள்ள வேண்டியுள்ளது.

3. பாடியின் குரு: ஆளாகிய கோள்

சென்னையின் மேற்கே, வில்லிவாக்கத்துக்கும் அம்பத்தூருக்கும் இடையிலுள்ள பாடி, 1960களில் வளர்ந்த மோட்டார் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளால் அறியப்படும் பகுதியாகும். அதே பாடிதான் சம்பந்தர் பாடிய திருவலிதாயம். தொண்டை நாட்டின் பாடல்பெற்ற தலங்கள் முப்பத்திரண்டில் ஒன்று. குரு பகவான் இங்கே சிவனை வழிபட்டார் என்பது தலவரலாறு என்பதால், வியாழக்கிழமைகளிலும் குருப்பெயர்ச்சி நாளிலும் இங்குள்ள குரு சன்னதியில் கூட்டம் மிகுதி. வியாழன் கோள் சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 12 ஆண்டுகள் ஆகின்றன. பன்னிரண்டு ராசிகளில் ஒவ்வொன்றையும் கடக்க அதற்கு ஓராண்டளவு பிடிப்பதே ஆண்டுதோறும் பெயர்ச்சி நிகழ்வதன் வானியல் அடிப்படை.

இவ்வழிபாட்டை வேற்றுலக உயிர் பற்றிய பண்டைய அறிவு என்று நிறுவ முயல்வது தவறாகும். அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அது விட்டுச்சென்றிருக்கும் காட்சிப் பழக்கமே இங்கே கவனத்துக்குரியது. கோள் இங்கே ஓர் ஆள். அவருக்கு உடலும் உடையும் நிறமும் விருப்பும் சினமும் உண்டு. அவரிடம் தமிழில் முறையிடலாம், மஞ்சள் ஆடை சாத்தலாம், கொண்டைக்கடலை மாலை அணிவிக்கலாம். அதே சமயம், நவக்கிரக மேடையில் ஒன்பது உருவங்களும் ஒன்றையொன்று நோக்காதபடி நிறுத்தப்படுவதே பொதுவான மரபு. ஆக, அணுகக்கூடிய அண்மையும் ஒருவரையொருவர் நேர்கொள்ளாத விலகலும் ஒரே சிற்ப அமைப்பில் சேர்ந்து இருக்கின்றன. பின்வந்த தமிழ் வெகுஜனக் கலை இவற்றுள் முதலாவதை விரிவாக எடுத்துக்கொண்டது; இரண்டாவதைப் பெரும்பாலும் விட்டுவிட்டது.

இன்றைய அறிவியல் உயிரைத் தேடிச் செல்லும் இடங்களில் ஒன்றாக அதே வியாழனின் சூழல் அமைந்திருப்பது இந்த ஒப்பீட்டுக்குக் கூடுதல் பொருள் தருகிறது. வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவின் பனி ஓட்டுக்கு அடியில் உப்புநீர்க் கடல் இருப்பதற்கான வலுவான அறிகுறிகள் உள்ளன. 2023 ஏப்ரலில் ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஜூஸ் விண்கலமும் 2024 அக்டோபரில் நாசாவின் யூரோப்பா கிளிப்பரும் அத்திசையில் ஏவப்பட்டன. அவை தேடுவது பேசும் உயிரை அன்று. உயிர் வாழத்தக்க வேதியியல் சூழலை. முகம் கொடுத்து வணங்கப்படும் கோளுக்கும் முகமற்ற நுண்ணுயிரையேனும் தாங்கக்கூடுமா என்று ஆராயப்படும் துணைக்கோளுக்கும் இடையிலுள்ள தூரமே தமிழ்க் கலை கடக்க வேண்டிய தூரமாகும்.

4. கலையைத் தேடி வந்தவர்கள்

அத்தூரத்தைக் கடக்கும் முதல் முயற்சிகளில் ஒன்று 1963 ஏப்ரலில் திரைக்கு வந்த 'கலை அரசி'. ஏ. காசிலிங்கம் இயக்கி, எம்.ஜி.ஆரும் பி. பானுமதியும் நடித்த இப்படம், வேற்றுலகவாசிகளைத் திரையில் காட்டிய இந்தியப் படங்களுள் மிக முந்தையது. தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது அதே ஆண்டு நவம்பரில்தான் என்பதை நினைத்தால், நாட்டின் முதல் ராக்கெட்டுக்குச் சில மாதங்கள் முன்னதாகவே தமிழ் சினிமா விண்வெளிக்குப் புறப்பட்டுவிட்டது என்று சொல்ல வேண்டும்.

படத்தின் கதைக்கரு ஆழ்ந்து நோக்கத்தக்கது. அறிவியலில் பூமியை விஞ்சிய ஒரு கோளில் இசையும் நடனமும் இல்லை. அக்குறையைத் தீர்க்க எம்.என். நம்பியார் ஏற்ற பாத்திரம் பூமிக்கு வந்து, பாடுவதில் தேர்ந்த வாணியைத் தங்கள் மக்களுக்குக் கலை கற்பிக்கக் கடத்திச் செல்கிறது. அவளை நேசிக்கும் விவசாயி மோகன் அங்கே சென்று மீட்கிறான். அக்கால மேற்கத்தியத் திரையில் வேற்றுலகவாசிகள் பெரும்பாலும் நிலத்தையோ மனித உடலையோ கைப்பற்ற வந்தவர்களாக இருக்க, இங்கே அவர்கள் ஒரு பாடகியைத் தேடி வருகிறார்கள். தொழில்நுட்பத்தில் பின்தங்கியதாகக் கருதப்பட்ட ஒரு சமூகம், உலகுக்குக் கொடுக்கத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று தன்னைத்தானே கேட்டு, கலை இருக்கிறது என்று சொன்ன பதிலாக இதைப் படிக்கலாம். அப்பதில் ஆறுதலுக்குரிய கனவும்கூட. கடத்தப்படுபவள் பெண், கலையைக் காப்பதும் பெண்ணைக் காப்பதும் ஒன்றாகி, மீட்பு ஆண் நாயகனின் வீரச்செயலாகச் சுருங்கிவிடுவதால், அந்தக் கோளுக்கு இசை உண்மையில் என்ன செய்திருக்கும் என்ற அரிய கேள்வி படத்துக்குள் விரிவடைய இடமில்லாமல் போகிறது.

பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் நாசா ஏறத்தாழ இதே பதிலைச் செயலாக்கியது. 1977இல் ஏவப்பட்ட இரு வாயேஜர் விண்கலங்களிலும், கார்ல் சேகன் தலைமையிலான குழு தொகுத்த, தங்க முலாம் பூசிய செப்பு இசைத்தட்டு ஒன்று பொருத்தப்பட்டது. 55 மொழிகளின் வாழ்த்துகள், 115 படங்கள், ஏறக்குறைய 90 நிமிட இசை ஆகியவை அதில் உள்ளன. இந்தியாவின் சார்பில் பாடகி கேசர்பாய் கேர்கரின் குரல் பயணம் செய்கிறது. வேற்றுலகுக்கு மனிதகுலம் அனுப்பத்தக்கது இசையே என்ற நம்பிக்கை 'கலை அரசி'யிலும் இத்தட்டிலும் ஒன்றுபோல இயங்குகிறது.

ஆனால் வாழ்த்துகளின் பட்டியலில் இந்தி, வங்கம், ஒடியா, தெலுங்கு, கன்னடம், மராத்தி, குஜராத்தி, பஞ்சாபி, உருது ஆகியவை உள்ளன, சிங்களமும் உள்ளது, தமிழ் இல்லை. குறுகிய காலத்தில், பெரும்பாலும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகச் சூழலில் கிடைத்த பேச்சாளர்களைக் கொண்டு பதிவுகள் செய்யப்பட்டதை நோக்கும்போது, இவ்விடுபடலில் உள்நோக்கம் காண்பது பொருந்தாது. எனினும் மனிதகுலத்தின் சார்பில் பேசுவது என்பது எப்போதும் அந்த அறையில் அன்று இருந்தவர்களின் சார்பில் பேசுவதே என்பதை இது தெளிவாக்குகிறது. தமிழ் வேற்றுலகுக்கு அனுப்பப்படவில்லை. தமிழ்த் திரைக்கு வந்த வேற்றுலகவாசிகளோ முதல் நாளிலிருந்தே தமிழ் பேசினார்கள். இந்த முரணில்தான் அடுத்த பகுதியின் சிக்கல் தொடங்குகிறது.

5. எடுக்கப்படாத படமும் 'அயலா'னும்

1967இல் சத்யஜித் ராய் 'தி ஏலியன்' என்ற திரைக்கதையை எழுதினார். அப்போது இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் அம்முயற்சியோடு தொடர்புடையவர்கள். கொலம்பியா நிறுவனம் ஆர்வம் காட்டியும் படம் எடுக்கப்படவே இல்லை. வங்கக் கிராமம் ஒன்றின் குளத்தில் விண்கலம் இறங்குகிறது. நீருக்கு மேல் தெரியும் அதன் முகட்டை மூழ்கிக் கிடந்த கோயில் எழுந்துவிட்டதாக ஊரார் எண்ணுகிறார்கள். வறண்ட அந்நிலத்தில் ஒரு வணிகருக்காக அமெரிக்கப் பொறியாளர் ஒருவர் ஆழ்குழாய்க் கிணறு தோண்டிக்கொண்டிருக்கிறார். சிறுவன் ஒருவனுக்கு மட்டும் வந்தவர் விளையாட்டுத் தோழராகிறார். ஒரே பொருளைக் கோயில் என்றும், லாபம் என்றும், விளையாட்டு என்றும் வெவ்வேறு மனிதர் வெவ்வேறாகப் படிப்பதே இத்திரைக்கதையின் மையம். மூன்றாம் பகுதியில் பார்த்த காட்சிப் பழக்கத்தை, அதாவது வானிலிருந்து வந்ததைத் தெய்வமாக்கும் பழக்கத்தை, ராய் கதையின் கருப்பொருளாகவே ஆக்கிவிட்டார்.

2024 ஜனவரியில் வெளியான ஆர். ரவிக்குமாரின் 'அயலான்', இக்கட்டமைப்புடன் ஒப்பிடத்தக்கது. நிலத்தை மிக ஆழமாகத் துளைத்து வாயு எடுக்க முயலும் ஒரு முதலாளி, தன் கோளுக்குரிய பொருள் அழிவுக்குப் பயன்படுவதைத் தடுக்க வரும் வேற்றுலகவாசி, கொடைக்கானல் மலையின் பூம்பாறையிலிருந்து வரும் தமிழ் என்ற இளம் விவசாயி ஆகியோரே அதன் மூன்று முனைகள். 'கலை அரசி'யின் நாயகனும் விவசாயி என்பது நினைவுகூரத்தக்கது; அறுபது ஆண்டு இடைவெளியிலும் வானத்தோடு பேசத் தகுதியுள்ளவராகத் தமிழ் சினிமா உழவரையே தேர்ந்திருக்கிறது. ஆனால் உழவர் காக்கும் பொருள் மாறிவிட்டது: அன்று கலை, இன்று நிலம். நெடுவாசலில் 2017இல் நடந்த ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் போராட்டமும், காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020ஆம் ஆண்டுச் சட்டமும் பார்வையாளர் நினைவில் இருக்கும் காலத்தில், ஆழ்துளைக் கருவி எதிர்காலத்தின் அச்சுறுத்தலாகத் திரையில் தோன்றுவது தற்செயலன்று.

படத்தின் வலிமையும் குறையும் அதன் தலைப்பிலேயே அடங்கியுள்ளன. வந்தவரை 'அயலான்' என்று அழைத்ததன் மூலம், வேற்றுக்கிரகவாசி என்ற பெயரில் இல்லாத அண்டைவீட்டு நெருக்கத்தை அது மீட்டெடுத்தது. ஆனால் நடிகர் சித்தார்த்தின் குரலில் அவர் சரளமாகத் தமிழ் பேசுவதால், புரியாமை என்ற கட்டம் கடக்கப்படாமலே தாண்டப்படுகிறது. வெகுஜனத் திரைப்படத்துக்கு உரையாடல் தேவை என்பதும், குடும்பத்தோடு பார்க்கப்படும் படத்தில் நட்பு விரைவில் மலர வேண்டும் என்பதும் நியாயமான வாதங்களே. எனினும் மொழி தெரியாத ஒருவருடன் நட்புக் கொள்வதற்கும், நம் மொழியைக் கற்று வந்துவிட்டவருடன் நட்புக் கொள்வதற்கும் இடையில் பெரிய வேறுபாடு உண்டு. பின்னதில் உழைப்பு முழுவதும் வந்தவருடையதாகிவிடுகிறது.

6. படிக்க முடியாத எழுத்து

புரியாமையை நேர்கொண்ட கலை சென்னையில் இல்லாமல் இல்லை. அது வேறு அறையில் இருந்தது. 'கலை அரசி' வெளிவந்த அதே 1963இல், சென்னை அரசு கலை, கைவினைக் கல்லூரியின் முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கர் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசையைத் தொடங்கினார். 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமம் உருவாக வழிகாட்டியவரும் அவரே. இவ்வோவியங்களில் ஜாதகக் கட்டங்களும், எண் வரிசைகளும், எழுத்துப் போலத் தோன்றி எந்தச் சொல்லாகவும் திரளாத கோடுகளும் ஓவியப் பரப்பை நிறைக்கின்றன. ஏதோ ஒன்று கவனமாக எழுதப்பட்டிருக்கிறது என்ற உறுதியும், அதைப் படிக்க முடியவில்லை என்ற தவிப்பும் பார்வையாளருக்கு ஒருங்கே ஏற்படுகின்றன.

பணிக்கரின் அக்கறை வேற்றுலக உயிர் அன்று. இந்திய மரபிலிருந்து ஒரு நவீன ஓவிய மொழியை உருவாக்குவதே அவர் நோக்கம். ஆயினும் சந்திப்பின் சிக்கலுக்கு இவ்வரிசை தரும் வெளிச்சத்தை ஓர் ஒப்பீடு காட்டும். 1974 நவம்பரில் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து எம்13 விண்மீன் கூட்டத்தை நோக்கி 1679 துடிப்புகள் கொண்ட செய்தி அனுப்பப்பட்டது. 1679 என்பது 23, 73 ஆகிய இரு பகா எண்களின் பெருக்குத்தொகை என்பதால், பெறுபவர் அதைக் கட்டங்களாக அடுக்கிப் படமாகக் காண்பார் என்பது எதிர்பார்ப்பு. கணிதம் எங்கும் ஒன்றே, ஆகவே புரியும் என்பது அச்செய்தியின் நம்பிக்கை. பணிக்கரின் கட்டங்களிலும் எண்கள் இருக்கின்றன. ஆனால் கட்டம் இருப்பதால் பொருள் வந்துவிடுவதில்லை என்பதை, ஜாதகத்தை அன்றாடம் கண்டு பழகிய பார்வையாளரிடமே அவை உணர்த்துகின்றன. நமக்கு மிக நெருங்கிய குறியீடே அயலாகிவிடும் அனுபவம் அது.

இவ்வழியில் இன்று இயங்குபவராக டெல்லிக் கலைஞர் ரோகிணி தேவஷரைக் குறிப்பிடலாம். தொழில்முறை சாராத வானியல் ஆர்வலர்களோடு நெடுங்காலம் பணியாற்றிய அவர், கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூற்றாண்டுக்கும் மேலாகச் சேர்த்துவைத்த சூரியப் படங்களைக் கொண்டு 2023இல் 'ஒன் ஹன்ட்ரட் தௌசண்ட் சன்ஸ்' என்ற பல்திரைக் காணொளிப் படைப்பை உருவாக்கினார். நாள்தோறும் பார்த்துப் பதிவுசெய்வது என்ற பொறுமையான செயலே அதில் வானத்தோடு மனிதர் கொள்ளும் உறவாகிறது. அங்கே யாரும் பதில் சொல்வதில்லை, பார்ப்பவரும் பார்ப்பதை நிறுத்துவதில்லை.

7. மனிதரே அயலாராகும் எதிர்காலம்

மற்றொரு வகைக் கற்பனையில் வெளியிலிருந்து எவரும் வருவதில்லை. மனிதரே தம் கோளுக்கு அந்நியராகிறார்கள். அஞ்சலிகா சாகரும் கோட்வோ எஷூனும் லண்டனில் நிறுவிய ஓட்டோலித் குழுவின் 'ஓட்டோலித் I' (2003) என்ற காணொளியில், 22ஆம் நூற்றாண்டில் விண்வெளி நிலையத்தில் வாழும் ஒரு பெண், எடையற்ற நிலைக்குப் பழகிய உடலால் இனிப் பூமியில் வாழ முடியாது என்பதால், பழைய படச்சுருள்களின் வழியாக மட்டுமே பூமியை ஆராய்கிறார். ஓட்டோலித் என்பது உடலுக்குப் புவியீர்ப்பை உணர்த்தும் உட்செவியின் நுண்ணிய கல். இதே குழு 2009இல் 'ஓட்டோலித் III' என்ற படைப்பில் ராயின் எடுக்கப்படாத திரைக்கதைக்குத் திரும்பி, உருப்பெறாமல் போன பாத்திரங்கள் தமக்கு உருவம் வேண்டி நிற்பதாகக் கற்பனை செய்தது. நிகழாத எதிர்காலங்களுக்கும் நம்மிடம் உரிமை கோரும் குரல் உண்டு என்பதே இதன் தனித்த பங்களிப்பு.

ஈழத் தமிழ்ப் பின்னணி கொண்ட கிறிஸ்டோபர் குலேந்திரன் தாமஸ் 2016இல் பெர்லின் பினாலேயில் காட்சிப்படுத்திய 'நியூ ஈழம்' இன்னொரு திசையைக் காட்டுகிறது. வீட்டைச் சொந்தமாக்காமல், சந்தா செலுத்தி உலகின் பல நகரங்களில் மாறிமாறி வாழும், நில எல்லை சாராத குடியுரிமையை ஒரு நிறுவனத்தின் விளம்பர மொழியில் அது முன்வைக்கிறது. போரில் நிலம் இழந்த ஒரு மக்களின் கனவுப் பெயர் வணிகச் சின்னமாவது பலருக்கு உறுத்தலாக இருக்கும். அந்த உறுத்தல் நியாயமானது. ஆயினும் ஊர் என்பது நிலம் இல்லாமல் நிலைக்குமா என்ற கேள்வியை, விண்வெளிக் குடியேற்றக் கனவுகள் எழுப்புவதற்கு முன்பே அகதி வாழ்வு எழுப்பிவிட்டது என்பதை இப்படைப்பு நினைவூட்டுகிறது. எதிர்கால மனிதரின் நிலையாகப் புனைவுகள் வருணிக்கும் பலவும் சிலருக்கு ஏற்கெனவே நேர்ந்துவிட்டவை.

8. முடிவுரை

மேலே கண்டவற்றைத் தொகுத்தால், தமிழ் வெகுஜனக் கலை அயலின் அண்மைப் பொருளையும், பணிக்கர் முதலான ஓவியரும் காணொளிக் கலைஞரும் அதன் விலகல் பொருளையும் தனித்தனியே வளர்த்திருப்பது புலனாகும். முதலாவதிடம் விருந்தோம்பல் உண்டு, பொறுமை குறைவு. இரண்டாவதிடம் பொறுமை உண்டு, ஆனால் அது கலைக்கூடத்தை விட்டுத் தெருவுக்கு வந்ததில்லை. இவ்விரண்டும் சேரும் படைப்பு தமிழில் இனிமேல்தான் தோன்ற வேண்டும்.

அதற்கான களம் தொலைவில் இல்லை. பாடியையும் அம்பத்தூர் தொழிற்பேட்டையையும் சுற்றியுள்ள வாடகை அறைகளில் ஒடியாவும் இந்தியும் வங்கமும் பேசும் தொழிலாளர்கள் இன்று பெருமளவில் வாழ்கிறார்கள். இம்மூன்று மொழிகளின் வாழ்த்துகளும் வாயேஜர் தட்டில் ஏறி, 2012இல் சூரியக் காற்றின் எல்லையைத் தாண்டி விண்மீனிடை வெளிக்குள் சென்றுவிட்டன. அதே மொழிகள் இங்கே சுவருக்கு அப்பால் கேட்கின்றன. பல ஆண்டுகள் அருகில் வாழ்ந்தும் அவற்றின் ஒரு வாழ்த்துச் சொல்லைக்கூட அறியாதவர்கள் இப்பகுதியில் பலர். பேச்சுத் தமிழைக் கற்கும் உழைப்பை வந்தவர்களே ஏற்றிருக்கிறார்கள். வேற்றுலகவாசியிடமிருந்து தமிழ் சினிமா எதிர்பார்த்ததும் அதையேதான். அந்த உழைப்பில் தன் பங்கை ஏற்கும் ஒரு பாத்திரத்தை, புரியாத பேச்சின் முன் உட்கார்ந்து காதுகொடுக்கும் ஒருவரை, தமிழ்க் கலை படைக்கும் நாளில், வானத்திலிருந்து வருபவரைப் பற்றிய அதன் கற்பனையும் மாறும்.